கையெழுத்துப் போட மறுத்தவர்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். 1787-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி. நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதி முடிந்துவிட்டது. பிரதிநிதிகள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். சபைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

மூன்று பேர் மட்டும் மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், வாஷிங்டனின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். பல ஆண்டு நண்பர். பெயர் ஜார்ஜ் மேசன்.

மேசன் 1725-ல் வெர்ஜீனியாவில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். போடோமாக் ஆற்றில் படகு கவிழ்ந்து தந்தை இறந்து போனார். உறவினர் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைப் படித்தே மேசன் சட்டம் தெரிந்துகொண்டார். அவர் வக்கீல் அல்ல.

பெரிய பண்ணைக்காரர். பதவி ஆசை இல்லை. போதாததற்குக் கீல்வாதம் வேறு!

1776-ல் வெர்ஜீனியா மக்களின் உரிமைகளை எழுதித் தந்தவர் அவரே. பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, மதச் சுதந்திரம் எல்லாம் அதில் இருந்தன.

பிலடெல்பியாவிலும் அதையே கேட்டார். சர்க்கார் ஜனங்களை என்னென்ன செய்யக்கூடாது என்று சட்டத்தில் எழுதி வையுங்கள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். மற்றவர்களுக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம். மாநிலச் சட்டங்களே போதும் என்றார்கள். ஓட்டெடுப்பில் ஒரு மாநிலம்கூட அவர் பக்கம் நிற்கவில்லை.

அடிமை வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்றும் அங்கே வாதாடினார். ஆனால் அவருடைய பண்ணையில் வேலை செய்தவர்களும் அடிமைகளே. அவர்களை அவர் விடுவிக்கவில்லை. இதை மறைப்பதற்கில்லை.

நட்பு முறிந்தது

சட்ட நகலின் பின்பக்கத்திலேயே தம் ஆட்சேபங்களை எழுதினார். அது அச்சாகி நாடெங்கும் பரவியது. வாஷிங்டனுக்குக் கோபம். 1788-ல் வெர்ஜீனியா சபையில் மேசன் மறுபடி போராடினார். 79-க்கு 89 ஓட்டில் தோற்றார்.

ஆனால் ஜனங்கள் அவர் கேட்டதையே கேட்டார்கள். முதலில் தேவையில்லை என்ற ஜேம்ஸ் மாடிசனே 1789-ல் உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவந்தார். 1791 டிசம்பர் 15-ந்தேதி பத்துத் திருத்தங்கள் சட்டமாயின.

மேசனுக்கு அதில் திருப்திதான். நட்பு மட்டும் திரும்பவில்லை. 1792-ல் எழுதிய கடிதத்தில்கூட வாஷிங்டன் அவரை முன்னாள் நண்பர் என்றே குறிப்பிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி மேசன் தம் வீட்டில் காலமானார். அங்கிருந்து வாஷிங்டன் வீட்டுக்கு, ஆற்றோரமாகச் சில மைல் தூரந்தான்.