பேஸ் கிடார் செய்த கணக்கர்

நம் பி பிளாக் மூன்றாவது மாடியிலிருந்து சாயங்காலத்தில் வரும் தொம் தொம் சத்தத்தைப் பற்றிப் போன வருடம் சங்கத்துக்கு இரண்டு புகார்கள் வந்தன. நான் அப்போது பொருளாளர். புகார் கொடுத்தவர்களில் ஒருவர், தண்ணீர் மோட்டாரில்தான் கோளாறு என்று பிளம்பரையே வரவழைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தால் கல்லூரி மாணவன் ஒருவன் நீளமான கழுத்து, தடித்த நான்கு கம்பிகள் கொண்ட ஒரு கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தான். பேஸ் கிடார் அங்கிள் என்றான். இளையராஜா பாட்டுகளில் குரலுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த வாத்தியம்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டேன். ஃபெண்டர் என்றான். கம்பெனியின் பெயர் என்றுதான் நினைத்தேன். அது ஒரு மனிதரின் பெயர், அதிலும் அவர் கணக்கியல் படித்த ஒரு கணக்கர் என்று பிறகு தெரிந்ததும், பி.காம். படித்து முப்பது வருடத்துக்கு மேல் பேரேட்டோடு வாழ்ந்த எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. புகார் விஷயம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 10. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்ட்டன், அனஹைம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. எட்டு வயதில் கட்டி வந்து இடது கண் போயிற்று. கண்ணாடிக் கண்தான் வைத்தார்கள். வாகனங்களுக்கு மின்சார வேலை செய்யும் கடை வைத்திருந்த மாமா ஒருவர் பழைய ரேடியோ சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்ப, பையனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆனால் கல்லூரியில் எடுத்த பாடம் கணக்கியல். மின்னணுவியலை ஒரு நாளும் வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை.

முதலில் ஒரு ஐஸ் கம்பெனியில் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. அடுத்து மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர். பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. அடுத்து ஒரு டயர் கம்பெனியின் கணக்குப் பிரிவு. ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று. கல்யாணம் ஆன மனிதர், வயது முப்பதை நெருங்குகிறது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். அந்தக் கடனை மட்டும் என் மேஜைக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் பரிந்துரை செய்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கடைக்கு ரேடியோக்களோடு, உள்ளூர் வாத்தியக்காரர்களின் ஒலிபெருக்கிகளும் கிடார்களும் ரிப்பேருக்கு வந்தன. லியோவுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. அதனால் வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. மாதிரி ஒன்றைச் செய்து அவர்களிடம் கொடுப்பார், குறை சொன்னால் திரும்ப எடுத்துவந்து மாற்றுவார்.

அன்றைய பேஸ் வாத்தியம் ஆள் உயரத்துக்கு இருக்கும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். பேருந்தில், காரில் ஏற்றுவது பெரும்பாடு. மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒலிபெருக்கியில் முழங்கும்போது இதன் சத்தம் எடுபடாது. இன்னொன்று, வயலின் போல இதற்கும் மெட்டுகள் கிடையாது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்பது கைப்பழக்கத்தில்தான் வர வேண்டும். லியோ 1951ல் இதைத் தோளில் மாட்டிக்கொள்ளும் கட்டைக் கிடாராக்கி, வீணையில் இருப்பது போல மெட்டுகள் பதித்தார். 20 மெட்டுகள், கம்பியின் நீளம் 34 அங்குலம். மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாக நிற்கும் என்று பிரிசிஷன் பேஸ் என்று பெயர் வைத்தார். மெட்டு வைத்த மின்சார பேஸை சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே செய்திருந்தார். அது விலை போகவில்லை, லியோவுடையது ஊர் ஊராகப் போயிற்று. அந்த 34 அங்குலம் இன்றும் பேஸ் கிடார்களுக்குப் பொதுவான அளவு.

1957ல் அதே பேஸைத் திருத்தினார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதிக்குப் பிக்கப் என்று பெயர், காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். பழைய பிக்கப் அறையில் உள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது. லியோ அதை இரண்டு துண்டாக்கி, துண்டுக்கு இரண்டு கம்பிகள் என்று பிரித்து, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றிவைத்தார். இரைச்சல் ஒன்றில் பற்று, மற்றதில் வரவு. கூட்டினால் பூஜ்யம். கம்பியின் நாதம் மட்டும் மிஞ்சும். கணக்கருக்குத்தான் இப்படித் தோன்றும் என்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

1960ல் ஜாஸ் பேஸ் வந்தது. பிரிசிஷனை விட மெலிந்த கழுத்து. மேல்முனையில் அதற்கு ஒன்றே முக்கால் அங்குல அகலம் என்றால், இதற்கு ஒன்றரைக்கும் குறைவு. பிக்கப்கள் இரண்டு, பின்னால் உள்ளதைக் கூட்டினால் நாதம் கூர்மையாகும். வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான காபி கேட்பது போல, பேஸ் வாசிப்பவர்கள் இன்று வரை இந்த இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள். டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டுடியோவின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ல் செய்த ஒரு பிரிசிஷனை வைத்துக்கொண்டு பழைய கம்பிகளை மாற்றாமலே வாசித்தவர். 1983ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது திருடுபோயிற்று. ஜேகோ பாஸ்டோரியஸ் தன்னுடைய ஜாஸ் பேஸில் மெட்டுகள் எதுவும் இல்லாமல் வழவழவென்று வைத்து வாசித்தார். லியோ துல்லியத்துக்காகப் பதித்தவை! அவருடைய புகழே அந்த மெட்டில்லாத குழைவில்தான்.

இதற்கிடையில் லியோவுக்குத் தீராத சைனஸ் தொற்று. பல வருடம் அவதிப்பட்டு, இனி அதிக நாள் இல்லை என்று நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 600 டாலர் கடனில் தொடங்கி 27 வருடம். விற்ற பிறகு மருத்துவரை மாற்றினார், நோய் குணமாகிவிட்டது. கையில் பணம் இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது, ஆனால் பத்து வருடம் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம். தன் பெயரும் இப்போது இன்னொருவர் சொத்து.

சேகரிப்பவர்களின் உலகம் இந்தத் தேதியில்தான் இரண்டாகப் பிரிகிறது. 1965 ஜனவரிக்கு முந்தைய ஃபெண்டர் என்றால் ஒரு விலை, பிந்தையது என்றால் வேறு விலை. உண்மையானதா என்று பார்க்கத் திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைப் பிரிக்கிறார்கள், ஏனென்றால் அடியில் தேதி எழுதியிருக்கும். உலோகத் தகட்டில் உள்ள வரிசை எண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். எண் பொறித்த தகடுகள் பெட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். வரிசை எண்ணை வரிசையாகப் போடாத கணக்கரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

லியோவோ பழையதைத் திரும்பிப் பார்க்கிற ஆளாக இல்லை. தன்னோடு முன்பு வேலை செய்தவர்கள் தொடங்கிய மியூசிக் மேன் என்ற கம்பெனிக்கு ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 1975ல் தலைவரானார். அடுத்த வருடம் ஸ்டிங்ரே பேஸ் வந்தது. ஒரே ஒரு பெரிய பிக்கப், உள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு ஒலிபெருக்கிச் சுற்று. மூன்று பிருடைகள் ஒரு பக்கம், ஒன்று மட்டும் மறுபக்கம். 1979ல் மனைவி எஸ்தர் புற்றுநோயில் இறந்தார். எழுபதாவது வயதை ஒட்டி, பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்ட் எல் என்று மறுபடி ஒரு கம்பெனி. ஜார்ஜ், லியோ, அவ்வளவுதான் பெயர். 1980ல் அங்கே எல்-1000, எல்-2000 என்று இரண்டு பேஸ்கள் வந்தன. எல்-2000ல் பேட்டரியோடும் வாசிக்கலாம், ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு அது இல்லாமலும் வாசிக்கலாம்.

தன் வேலைகளிலேயே மேலானவை இந்தக் கடைசி வாத்தியங்கள்தான் என்பது லியோவின் தீர்மானமான எண்ணம். வாங்குபவர்கள் அதை ஏற்கவில்லை. ஏலத்தில் லட்சக்கணக்கில் போவது, அவர் குறை கண்டு மாற்றிவிட்ட பழைய ஃபெண்டர்கள்தான். நான் லியோ பக்கம். தேய்ந்த வண்ணத்துக்கு விலை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் செய்தவரின் கணக்கில் அது பழைய பாக்கி.

பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை விடவில்லை. 1991 மார்ச் 21 அன்று காலமானார். அவர் வேலை செய்த அறையை, மேஜைமேல் இருந்த சாமான்களோடு அப்படியே வைத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடி விஷயம். பேஸ் கிடாரின் கீழ்க் கம்பி ஒரு வினாடிக்கு 41 முறைதான் அதிரும். அந்தத் தாழ்ந்த ஒலி காற்றில் வருவதை விட, ஒலிபெருக்கிப் பெட்டி தரையில் உட்கார்ந்திருந்தால் கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். பையன் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, தடித்த ஃபோம் மெத்தைமேல் ஒரு முக்காலியில் வைத்திருக்கிறான். எட்டு மணிக்கு மேல் ஹெட்ஃபோன். அவன் கையில் இருப்பது 1957 அமைப்பில் செய்த ஒரு மலிவான நகல், பிக்கப் இரண்டு துண்டு. பார்க்க விரும்புபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம், சொல்லிவைத்திருக்கிறேன்.