பிணங்களை அறுத்து ஓவியம் கற்ற மைக்கேல் ஏஞ்சலோ

ரோமாபுரியில் வாடிகன் அரண்மனையை ஒட்டி சிஸ்டைன் என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க கர்தினால்கள் கூடும் இடம் அதுதான். அந்தப் புனிதமான இடத்தின் கூரையிலும், பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள பெரிய சுவரிலும் ஆடை இல்லாத மனித உருவங்கள் நிறைந்திருக்கின்றன.

அவற்றை வரைந்தவர் மைக்கேல் ஏஞ்சலோ. அந்த உடம்புகளை வரைய அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. வரைந்து முடித்த பிறகு பட்ட பாடு அதைவிடப் பெரிது.

அடி வாங்கிய சிறுவன்

மைக்கேல் ஏஞ்சலோ 1475-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, இத்தாலியில் காப்ரேசே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை லொடோவிக்கோ அந்த ஊரின் அதிகாரி. குடும்பத்துக்குப் பழம்பெருமை இருந்தது; பணம் இல்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது அவரை ஒரு கல்தச்சர் வீட்டில் விட்டு, பால் கொடுத்து வளர்க்கச் செய்தார்கள். பிற்காலத்தில், தாய்ப்பாலோடு உளியையும் சுத்தியலையும் தாம் வாங்கிக் கொண்டதாக அவர் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. 6 வயதில் தாய் இறந்து விட்டார்.

பையன் படிப்பை விட்டுவிட்டு எந்நேரமும் படம் வரைந்து கொண்டிருந்தான். கைத்தொழில் செய்வது குடும்ப கவுரவத்துக்கு இழுக்கு என்று நினைத்த தந்தை அடித்துப் பார்த்தார். பையன் மசியவில்லை. கடைசியில் 1488-ம் ஆண்டு, 13 வயதில், பிளாரன்ஸ் நகரில் கிர்லாண்டாயோ என்ற ஓவியரிடம் அவனைத் தொழில் பழகச் சேர்த்து விட்டார்.

பிளாரன்சை ஆண்ட லொரென்சோ டி மெடிசி, பழைய காலச் சிற்பங்களை ஒரு தோட்டத்தில் சேர்த்து வைத்திருந்தார். பையனின் திறமையைக் கண்டு தன் மாளிகையிலேயே தங்க வைத்தார். கிரேக்கரும் ரோமானியரும் மனித உடலை எவ்வளவு அழகாகச் செதுக்கினார்கள் என்பதை மைக்கேல் ஏஞ்சலோ அங்கேதான் கண்டார்.

பிணங்களுடன் இரவுகள்

ஆடை உடுத்திய மனிதனை வரைவது அவ்வளவு கடினம் அல்ல. முழங்கை பிசகினாலும், இடுப்பு கோணலானாலும் துணியின் மடிப்பு அதை மறைத்து விடும். ஆடை இல்லாத உடம்பில் எதையும் மறைக்க முடியாது. கையைத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு நகர்கிறது. விலாப்பக்கத்துத் தசை இழுபடுகிறது. ஒரு காலில் உடல் பாரத்தை வைத்து நின்றால் இடுப்பு அந்தப் பக்கம் ஏறி, அதே பக்கத்துத் தோள் இறங்குகிறது. தோலுக்கு அடியில் நடப்பது தெரியாதவன் வரைந்தால் அது மனிதனாக இராது, மூட்டையாகத்தான் இருக்கும்.

அதைத் தெரிந்து கொள்ள அவர் பிணங்களிடம் போனார். 1492-ல் லொரென்சோ இறந்த பிறகு, பிளாரன்சில் சாந்தோ ஸ்பிரித்தோ மடத்தின் தலைவர் அவருக்கு ஒரு அறையைக் கொடுத்தார். மடத்து மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை அங்கே அறுத்துப் பார்த்தார். எந்தத் தசை எந்த எலும்பில் பிடித்திருக்கிறது, எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று படித்தார். பல காலம் இதையே செய்ததால் வயிறு கெட்டு, சாப்பாடே பிடிக்காமல் போயிற்று. நன்றிக்காக மடத் தலைவருக்கு மரத்தில் ஒரு சிலுவைச் சிற்பம் செய்து கொடுத்தார். அதில் ஏசுநாதரின் உடலிலும் ஆடை இல்லை.

அந்தப் படிப்பின் பலனை 1504-ல் உலகம் கண்டது. வேறொரு சிற்பி தொட்டுக் கெடுத்து, சுமார் 40 ஆண்டுகள் வீணாகக் கிடந்த சலவைக்கல்லில் இருந்து 17 அடி உயர தாவீது சிலையை அவர் வெளியே கொண்டு வந்தார். நகரசபை மாளிகை முன் அதை நிறுத்தக் கொண்டு போனபோது, இரவில் யாரோ கல் எறிந்தார்கள். நிறுத்திய பிறகு, இடுப்பை மறைக்க உலோக இலைகளால் ஒரு மாலை செய்து மாட்டினார்கள்.

நான்கு பேருக்கு ஒரு கட்டில்

மைக்கேல் ஏஞ்சலோவுக்குப் புகழ் வந்தது, சுகம் வரவில்லை. வெளியூரில் உழைத்துக் கிடைத்த பணத்தை பிளாரன்சில் இருந்த தந்தைக்கும் தம்பிகளுக்கும் அனுப்பினார். நிலம் வாங்கிக் கொடுத்தார். தம்பிகள் கடை வைக்கப் பணம் கொடுத்தார். பொலோனா நகரில் வேலை செய்தபோது, மூன்று பேருடன் ஒரே கட்டிலில் படுத்துக் கிடந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் நாள் கணக்கில் தூங்குவார். கடைசியில் கழற்றும்போது தோலும் சேர்ந்து உரிந்து வருமாம்.

1508-ம் ஆண்டு போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ், சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் ஓவியம் தீட்டும்படி கட்டளையிட்டார். தாம் சிற்பி, ஓவியர் அல்ல என்று மைக்கேல் ஏஞ்சலோ மன்றாடினார். போப் விடவில்லை.

கூரை 60 அடிக்கு மேல் உயரம். அவரே சாரம் அமைத்தார். அவர் மல்லாந்து படுத்து வரைந்தார் என்று பலரும் சொல்வது சரியல்ல. நின்றுகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்து வரைந்தார். சாயம் முகத்தில் சொட்டியது. வேலை முடிந்து பல மாதம் வரை, ஒரு கடிதத்தைப் படிப்பதானாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

அன்றன்று எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். முழு அளவில் காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிச் சுவரில் பதிப்பார்கள். ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டிவிட வேண்டும். தவறு நேர்ந்தால் சாந்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி. தொடக்கத்தில் சுவரில் பூஞ்சணம் பூத்து, வேலையையே விட்டுவிட நினைத்தார்.

கூரையோ வளைவானது. ஜோனா தீர்க்கதரிசியை வரைந்த இடத்தில் சுவர் முன்னால் சாய்ந்து வருகிறது. படத்தில் ஜோனா பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முன்னே வரும் சுவரில் பின்னே சாயும் உடலைக் காட்டியது கண்டு ஓவியர்கள் இன்றும் வியக்கிறார்கள்.

பெண் உருவங்களுக்கும் ஆண்களையே நிற்க வைத்து வரைந்தார். கூரையில் உள்ள லிபியா நாட்டுக் குறிசொல்லும் பெண்ணுக்காக அவர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த மாதிரிப்படம் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது ஒரு வாலிபன்.

போப்பிடம் இருந்து ஓராண்டாகக் காசு வரவில்லை என்று தந்தைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே வரைந்தார். 1512 அக்டோபரில் வேலை முடிந்தது. கடவுளின் விரலை நோக்கிக் கை நீட்டும் ஆதாமைக் கண்டு ரோமாபுரியே பிரமித்தது.

கழுதைக் காது

1536-ல், 61 வயதில், அதே தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் உலகின் கடைசி நாள் தீர்ப்பை வரையத் தொடங்கினார். சாரத்தில் இருந்து விழுந்து காலில் அடிபட்டது. 300-க்கு மேற்பட்ட உருவங்கள். தீர்ப்பு நாளில் அரசனும் ஆண்டியும் ஆடையின்றித்தான் கடவுள் முன் நிற்க வேண்டும் என்பது போல் வரைந்தார்.

ஓவியம் முடியும் முன்பே பார்க்க வந்த போப்பின் சடங்கு அதிகாரி பியாஜியோ, இது தேவாலயத்துக்கு ஆகாது, குளியல் விடுதிக்கும் சாராயக்கடைக்கும்தான் ஏற்றது என்றார். மைக்கேல் ஏஞ்சலோ பதில் பேசவில்லை. நரகத்தின் நீதிபதிக்கு அவருடைய முகத்தையே வரைந்து, கழுதைக் காதும் வைத்து, உடம்பில் பாம்பைச் சுற்றிவிட்டார். பியாஜியோ போப்பிடம் முறையிட்டார். நரகத்தில் தமக்கு அதிகாரம் இல்லை என்று போப் சிரித்து விட்டாராம்.

சிரிப்பு நீடிக்கவில்லை. 1541-ல் ஓவியம் திறக்கப்பட்டது முதல் எதிர்ப்பு வளர்ந்தது. பின்னர் வந்த போப் நான்காம் பவுல், படத்தைச் சரிசெய்யும்படி சொல்லி அனுப்பினார். போப் முதலில் உலகத்தைச் சரிசெய்யட்டும், படத்தைச் சரிசெய்வது சுலபம் என்று மைக்கேல் ஏஞ்சலோ பதில் அனுப்பினார்.

1564 ஜனவரியில், ஆபாசமான பகுதிகளை மூடுவது என்று முடிவாயிற்று. அடுத்த மாதம், பிப்ரவரி 18-ந் தேதி, மைக்கேல் ஏஞ்சலோ 88-வது வயதில் இறந்தார். சாவதற்கு முன் தம்முடைய மாதிரிப்படங்கள் பலவற்றைத் தீயிட்டு எரித்து விட்டார். உடல் ரோமாபுரியில் இருந்து ரகசியமாகச் சொந்த ஊரான பிளாரன்சுக்குக் கொண்டு போகப்பட்டு, சாந்தா குரோச்சே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நண்பர் செய்த வேலை

மூடும் வேலை 1565-ல் டேனியல் டா வொல்டெர்ரா என்ற ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மைக்கேல் ஏஞ்சலோவின் நண்பர். அவர் சாகும்போது படுக்கை அருகில் இருந்தவர். இரண்டு புனிதர்களின் உருவங்களை மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாக வரைந்தார். மற்றவர்களுக்கு இடுப்பில் ஒரு துணியைத் தீட்டியதோடு நிறுத்திக் கொண்டார். நல்ல ஓவியரான அவருக்கு, கால்சட்டை தைப்பவர் என்ற கேலிப்பெயர்தான் மிஞ்சியது. அடுத்த ஆண்டே அவரும் இறந்து போனார்.

1990 முதல் 1994 வரை அந்தச் சுவரைச் சுத்தம் செய்தபோது, பிற்காலத்தில் மற்றவர்கள் சேர்த்த துணிகள் பலவற்றை நீக்கினார்கள். டேனியல் தீட்டிய துணிகளை நீக்கவில்லை. அவையும் சரித்திரம் என்று விட்டு விட்டார்கள்.

அந்தத் துணி கிடைத்திராவிட்டால் சுவரே பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். நண்பரின் ஓவியத்தை மறைத்தவர் என்று ஊர் சிரித்த டேனியல், அதைக் காப்பாற்றியவராகவும் இருக்கலாம்.