கண்ணால் கற்ற கலை: ஓவியர் இரவிவர்மா

நம் முன்னோர் காலத்துக் கடைகளில் கல்லாப் பெட்டிக்கு மேலே தொங்கிய நாட்காட்டிப் படங்கள் பலவற்றிற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. அவரே ஓவியர் இரவிவர்மா. அவர்தம் புகழை யாவரும் அறிவர். எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறையை, முறையாகக் கற்பிப்பார் இன்றி அவர் கற்றுக்கொண்ட வரலாற்றையே நாம் இங்குச் சொல்ல விழைகிறோம். வண்ணம் பழக ஆசையிருந்தும் சொல்லித்தர ஆளில்லையே என்று இராயபுரத்து மாணவர் சிலர் நம்மிடம் வருந்தியதுண்டு. தமிழ்த்துறை மலரில் ஓவியம் எதற்கு என்பார்க்கு இதுவே விடை.

திருவிதாங்கூர் நாட்டின் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். தாய்மாமன் இராசராச வர்மாவும் ஓவியரே. மருகனின் கைத்திறம் கண்டு, 1862இல் அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரவளித்தார். நீர் வண்ணம் மாமனிடமே கைவந்தது. ஆனால் எண்ணெய் வண்ணம்? அதில் தேர்ந்தவர் மதுரையிலிருந்து வந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர். பதினான்கு வயதுச் சிறுவனிடம் நாளைய போட்டியாளரைக் கண்டாரோ என்னவோ, கற்பிக்க மறுத்துவிட்டார். அவருடைய மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை தாம் அறிந்ததை மறைவில் சொல்லிக் கொடுத்தார். 1868இல் அரச குடும்பத்தாரை வரையத் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்க முன்வரவில்லை. தாம் வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். இருபது வயது இளைஞர் பார்த்தார். தனியே அமர்ந்து செய்து பார்த்தார். பிழைபட்டவற்றை மீண்டும் செய்தார்.

பார்த்துக் கற்பதற்கு அதில் என்ன இருக்கிறது? நீர் வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. நாட்கணக்கில் ஈரம் மாறாது. தொடங்குவோர்க்கு இது தொல்லையாகத் தோன்றும். ஆயினும், மாம்பழத்தின் மஞ்சள் எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாதவாறு இழைக்க அந்த ஈரமே இடம் தருகிறது. முதலில் கோடுகளால் உருவை வகுக்க வேண்டும். வண்ணம் தீட்டாத அத்தகைய கோட்டுருவைப் பழந்தமிழர் புனையா ஓவியம் என்றனர். அதன்மேல் டர்பெண்டைன் கலந்த மெல்லிய பழுப்பு நிறத்தால் நிழல்களை இடவேண்டும். அடுத்தடுத்த பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே வரவேண்டும். இம்முறை தலைகீழானால், மேற்பூச்சு முன்னே காய்ந்து, அடிப்பூச்சு பின்னர் அசைந்து, ஓவியம் வெடிக்கும். செம்பின் விளிம்பில் மின்னும் ஒளிப்புள்ளி கடைசியில் வைப்பது. அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிடத் துடிக்காத கை அரிது!

துணியைப் பற்றியும் சொல்லவேண்டும். பனியன் துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. நாமும் இளமையில் வெட்டுத்துணி ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வரைந்தோம். இரண்டே நாளில் அது தொய்ந்து, வரைந்த குடம் பூசணிக்காயாயிற்று. பின்னல் துணி இழுபடும். நெருக்கமாக நெய்த துணியே தாங்கும். அதற்கும் வச்சிரப்பசை பூசி, வெள்ளை அடிப்பூச்சு இட்ட பின்னரே வண்ணம் ஏறவேண்டும். இன்றேல் எண்ணெய் நூலை அரித்துவிடும்.

தொடங்குவோர்க்கு ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு எலுமிச்சை, மடித்த துண்டு, ஒருபுறச் சன்னல் வெளிச்சம் ஆகியவை போதும். உயிருருக்களை வரையத் தயங்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அசையாப் பொருள்களை வரைவதில் அத்தயக்கத்திற்கு இடமில்லை என்பதைப் பெரியோர் கருதிப் பார்க்கலாம்.

இரவிவர்மா மனித உருவங்களையே பெரிதும் வரைந்தார் என்பது மெய்தான். எனினும் அவ்வோவியங்களில் நம் கண் முதலில் தங்குவது பட்டின் மடிப்பிலும் சரிகையின் மினுக்கிலும் அல்லவா? மைசூர் சகன்மோகன் அரண்மனையில் உள்ள இசைமகளிர் ஓவியத்தில் பதினொரு பெண்டிர் உள்ளனர். அவர்தம் ஆடைகளையும் இசைக்கருவிகளையும் மட்டும் தனித்தனியே நோக்கினால், துணி வேறு, மரம் வேறு, பொன் வேறு என வண்ணத்தாலேயே வேறுபடுத்தியிருக்கும் நுட்பம் விளங்கும்.

1873இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் கிடைத்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் சென்று பரிசு பெற்றன. 1894இல் பம்பாயில் தம்பி இராச வர்மாவுடன் அச்சகம் நிறுவினார். எண்ணெய் ஓவியத்தின் சாயல் தாளில் இறங்கி எளியோர் வீடுகளுக்கும் சென்றது. அச்சகம் ஆதாயம் தரவில்லை. சில ஆண்டுகளில் செருமானியத் தொழில்நுட்பர் ஒருவர் கைக்கு மாறியது. 1905இல் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மாவும் மறைந்தார்.

கற்பிக்க மறுத்தவரின் பெயர் அவர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. மறைவில் சொல்லிக் கொடுத்த ஆறுமுகம் பிள்ளையைப் பற்றியோ, ஓரிரு வரிகளுக்கு மேல் நாம் எங்கும் படித்ததில்லை.