36 வயதில் மறைந்த கவிஞர்

மலையாளம் வழங்கும் ஊர்களிலெல்லாம் எழுத்தறியாதவர்களும் மனப்பாடமாகச் சொன்ன காவியம் ‘ரமணன்’. அதை இயற்றிய சங்கம்புழா கிருஷ்ண பிள்ளை 36-ஆவது வயதில் காசநோய்க்கு இரையானார்.

1911-ஆம் ஆண்டு இடப்பள்ளியில் பிறந்தவர் அவர். வறுமையால் படிப்பு தடைப்பட்டபோதிலும், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் பின்னர் நமது திருவனந்தபுரம் கலைக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். அவருடைய உற்ற நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தில் பிறந்ததே ‘ரமணன்’.

புகழ் வந்தது, நிம்மதி வரவில்லை. புனாவில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். சென்னையில் சட்டம் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டார். திருச்சூரில் ‘மங்களோதயம்’ பத்திரிகையில் பணியாற்றினார். கடைசியில் க்ஷயரோகம் பற்றிக்கொள்ள, 1948 ஜூன் 17 அன்று திருச்சூரில் காலமானார்.

இந்நோய் ஒரு கிருமியால் வருவது என்பதை ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோச் 1882-லேயே நிரூபித்திருந்தார். ஆயினும் கிருமியைக் கொல்லும் மருந்துக்கு 60 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கவிஞர் படுக்கையில் கிடந்த நாட்களில் நம் நாட்டில் எளிதில் கிடைக்கவில்லை. மலிவான ஐசோனியசிட் மாத்திரை சிகிச்சைக்கு வந்தது 1952-இல். அதாவது அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வீட்டில் இருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவார் என்றும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்றும் அது உலகுக்குக் காட்டியது.

விழிஞ்ஞம் போல வீடுகள் நெருங்கி நிற்கும் கடற்கரை ஊர்களில் வாழும் நம்மவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியே நோயைப் பரப்புகிறது. பாத்திரத்தாலோ, கை குலுக்குவதாலோ அது ஒட்டாது. பரம்பரைச் சாபமும் அல்ல. காற்றும் வெளிச்சமும் வர ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது கண்டாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்துகொள்ள வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். சாதாரணமாக ஆறு மாதத்தில் குணமாகும். இரண்டு மாதத்தில் தெம்பு வந்துவிட்டதென்று நிறுத்தினால், கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும்.

கல்யாணம் தடைப்படும், வேலை போய்விடும் என்றஞ்சி நோயை மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கவிஞருக்குக் கிட்டாத மருந்து நம் ஊரிலேயே கிடைக்கிறது. தயங்காமல் போய் வாங்குவோமாக.