மக்காச்சோள மணியில் மரபின் மறைபொருள் கண்டவர்

கல்வி தேடுதல் ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்பது இஸ்லாம் வகுத்த நெறி. தேடலையே வாழ்வாகக் கொண்ட பார்பரா மெக்ளின்டாக் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார் அம்மையார். கல்லூரிக் கல்வி மகளின் திருமணத்திற்குத் தடையாகும் என்று அன்னை அஞ்சினார், தந்தையோ இசைவளித்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். 1941இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தை அடைந்தார்.

மக்காச்சோள மணிகளில் காணப்படும் வண்ணப் புள்ளிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. நிறம் தரும் மரபணுவினுள் வேறொரு கூறு புகுந்தால் நிறம் மறைகிறது. மணி வளரும்போது சில உயிரணுக்களில் அக்கூறு வெளியேறின், அவ்விடங்களில் மட்டும் நிறம் மீள்கிறது. மரபுக்கூறுகள் மணிமாலையில் கோத்த மணிகள்போல் நிலையாக இருப்பன என்று உலகம் நம்பிய காலம் அது. அவற்றுள் சில இடம் பெயரும் என்று 1951இல் அறிஞர் அவையில் அம்மையார் விளக்கினார். கேட்டோரில் பலர் அதன் பொருளை உணர்ந்தாரல்லர். 1953க்குப் பின் அவ்வாய்வு குறித்து இதழ்களில் எழுதுவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். ஆய்வையோ அவர் நிறுத்தவில்லை.

பின்னர் பாக்டீரியாக்களிலும் இத்தகைய கூறுகள் கண்டறியப்பட்டன. 1980இல் ஓர்கெல், கிரிக் முதலிய அறிஞர்கள் இவற்றுள் பலவற்றைத் தன்னல மரபுப்பொருள் என்றனர். தாம் தங்கிய உயிருக்குப் பயன் தராவிடினும், தம்மைத் தாமே படியெடுத்துப் பெருகுவதால் அவை நிலைபெறுகின்றன என்பது அவர்தம் கருத்து. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காடும், மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடும் இத்தகைய கூறுகளிலிருந்து வந்தவையே.

தன்னலம் எனினும் தீமை மட்டுமே விளைகிறதா? இல்லை. தியோசின்டே என்னும் பல கிளைகளுடைய காட்டுப்புல்லே மக்காச்சோளத்தின் மூதாதை. கிளைத்தலை அடக்கும் மரபணுவின் அருகே இடம்பெயர் கூறொன்று என்றோ புகுந்து, அதன் செயலை மிகுவித்தது. அம்மாற்றமுடைய செடிகளையே உழவர் தேர்ந்து வளர்த்தனர் என்பது 2011இல் தெளிவாயிற்று. இடையூறாக நுழைந்ததே பரிணாமத்தின் கருவியாகவும், மாந்தர்க்கு உணவாகவும் அமைந்தமை வியப்பன்றோ!

1983இல், தம் 81ஆம் வயதில், நோபல் பரிசை எவருடனும் பகிராது தனித்துப் பெற்றார் அம்மையார், 1992இல் மறைந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவர் காத்திருந்தார், ஆனால் வாளாவிருந்தாரல்லர். பொறுமை என்பது செயலற்றிருத்தல் அன்று. கண்ட உண்மையைக் கைவிடாது உழைத்தலே என்பதை நம் மாணவ மணிகள், குறிப்பாக மாணவியர், உளங்கொள்வாராக!