கல்லும் கடவுளும்

மனிதன் பரிணாமத்தின் விளைவா, கடவுளின் படைப்பா என்று நம் விடுதியிலே நள்ளிரவு வரை வாதாடுகிறோம். ஒன்றை ஏற்றால் மற்றொன்றைக் கைவிட்டே தீரவேண்டும் என்று இரு கட்சியாரும் அடித்துப் பேசுகிறார்கள். எனக்கோ, இரண்டையும் கைவிடாத ஒரு மனிதரின் நினைவு வரும். அவர்தாம் பிரெஞ்சுப் பாதிரியார் பியேர் தெயார் த ஷார்தன்.

1881இல் பிரான்ஸின் ஓவேர்ன் பகுதியிலே பிறந்தார். இரும்பே அழியாப் பொருள் என்று எண்ணி, சிறு வயதில் இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்தார். அதுவும் துருப்பிடிக்கக் கண்டு மனமுடைந்து, கற்களை நாடினார். நிலையானதைத் தேடிய அந்த உள்ளம் 1899இல் அவரை இயேசு சபையில் சேர்த்தது. 1911இல் குருப்பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்தார். 1922இல், பண்டைய பாலூட்டிகளின் படிவங்களை ஆராய்ந்து பாரிஸில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பரிணாமம் அவருக்குக் கடவுளை மறுக்கும் வாதமாகத் தோன்றவில்லை; கடவுள் படைக்கும் முறையாகவே தோன்றியது. அப்படியானால் ஆதாமின் வழிவந்த ஜென்மப் பாவத்துக்கு என்ன பொருள்? இதுபற்றி அவர் எழுதிய குறிப்பொன்று ரோமாபுரியை எட்டியது. பாரிஸில் வகித்த ஆசிரியப் பதவி போயிற்று. 1926இல் சீனத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே பீகிங் அருகில் 1929இல் ஆதி மனிதனின் மண்டையோடு அகப்பட்டபோது, அந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட பூகர்ப்ப அறிஞர்களுள் அவரும் ஒருவர். 1935இல் நம் நாட்டுக்கும் வந்து, நருமதைப் பள்ளத்தாக்கில் ஆதி மனிதனின் சுவடுகளைத் தேடினார்.

மனிதனின் தோற்றத்தைப் பற்றிய தம் பெரிய நூலை 1940இல் எழுதி முடித்தார். வெளியிட அனுமதி இல்லை. 1948இல் ரோமாபுரிக்கே சென்று கேட்டார்; மறுத்துவிட்டனர். சபையைத் துறந்திருந்தால் அன்றே அச்சேற்றியிருக்கலாம். அவர் துறக்கவில்லை. 1955 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கில் காலமானார். கையெழுத்துப் பிரதிகளை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்திருந்ததால், அவ்வாண்டே நூல் வெளிவந்தது.

பிறகு இரு புறமும் அடி விழுந்தது. அது விஞ்ஞானமே அன்று என்று 1961இல் உயிரியல் அறிஞர் மெடவார் சாடினார். 1962இல் ரோமாபுரி எச்சரிக்கை விடுத்தது. ஆயினும் 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானம் அன்று என்பதை ஏற்றுக்கொண்டார்.

நண்பர்களே, அவர் பணிந்ததை நான் முழுதும் ஒப்பவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்நூல் அச்சேறாமல் கிடந்ததால், மெடவார் போன்றோரின் கேள்விகளுக்கு அவரே விடை சொல்லவும், தம் பிழைகளைத் திருத்தவும் வழியின்றிப் போயிற்று. தடை அவரை மட்டுமா வருத்தியது? அவருடைய கருத்தையும் அல்லவா ஊனப்படுத்தியது! ஆனால் வசதிக்காக விசுவாசத்தையோ, அச்சத்தால் ஆராய்ச்சியையோ அவர் விற்கவில்லை. இரண்டுக்கும் உரிய விலையைத் தாமே கொடுத்தார். அத்தகைய நேர்மை ஆத்திகனுக்கும் வேண்டும், நாத்திகனுக்கும் வேண்டும்.