யாத்ரீகர்களைக் காத்த பிலிப் நேரி

கி.பி. 1550-ம் ஆண்டு. ரோம் நகரில் எங்கே பார்த்தாலும் யாத்ரீகர் கூட்டம்!

அது கத்தோலிக்கர்களின் புனித ஆண்டு. 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. ரயில் இல்லாத காலம். ஏழைகள் வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். வந்து சேரும்போது காலில் புண். மடியில் காசு இல்லை. சத்திரங்களில் இடம் இல்லை. பலர் நோயில் விழுந்தார்கள்.

அவர்களுக்குக் கை கொடுத்தவர் பிலிப் நேரி. அப்போது அவர் பாதிரியார்கூட அல்ல.

சொத்து வேண்டாம்

பிலிப், 1515-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பத்திரம் எழுதுபவர். 18 வயதில், வியாபாரம் செய்துவந்த உறவினர் ஒருவரிடம் பிலிப்பை அனுப்பினார்கள். அங்கேயே இருந்திருந்தால் சொத்து கிடைத்திருக்கும். பிலிப் அதை உதறிவிட்டு ரோமுக்குப் போனார்.

ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சிறிய அறையில் தங்கினார். ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு. படித்த புத்தகங்களை விற்று, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

15 பேர் சங்கம்

1548-ல், பெர்சியானோ ரோசா என்ற பாதிரியாருடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். சேர்ந்தவர்கள் சுமார் 15 பேர். எல்லோரும் சாதாரண மனிதர்கள்.

இரண்டே ஆண்டில் புனித ஆண்டு வந்தது. வீடில்லாத யாத்ரீகர்களுக்குச் சங்கத்தார் இடம் கொடுத்தார்கள், கால் கழுவி விட்டார்கள், சோறு போட்டார்கள்.

நடக்க முடியாதவர்கள்

பிலிப் இன்னொரு துயரத்தையும் கண்டார். காய்ச்சல் தணிந்ததும் ஆஸ்பத்திரியில் நோயாளியை வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டுமே! வெளியே வந்தவனுக்கோ நடக்கத் தெம்பு இல்லை. உழைத்துச் சாப்பிடவும் முடியாது. சில நாளில் மறுபடியும் நோயில் விழுவான்.

இப்படிப்பட்டவர்களையும் சங்கம் ஏற்றுக்கொண்டது. உடம்பு தேறும்வரை தங்கவைத்து உணவு கொடுத்தது. நோயாளியும் பிழைத்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலும் அடுத்தவனுக்குக் கிடைத்தது.

ஒரு லட்சம் பேர்

1551-ல் பிலிப் பாதிரியார் ஆனார். சங்கம் வளர்ந்தது. 1575-ல் அடுத்த புனித ஆண்டு வந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யாத்ரீகர்களுக்கு அது இடமும் உணவும் கொடுத்தது. கர்தினால்களே வந்து ஏழைகளின் கால்களைக் கழுவினார்கள்.

1595-ம் ஆண்டு மே 26-ந் தேதி பிலிப் காலமானார். அப்போது வயது 79. 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரும் அதே நாளில்தான் புனிதர் ஆனார்.

ரோமில் அந்தச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய கோவில் இன்றும் இருக்கிறது. அதன் பெயரிலும் யாத்ரீகர்கள் என்ற சொல் இருக்கிறது.